நான் நீக்கிய இரண்டு நாள்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டாம் ஆண்டு. சித்திரையிலிருந்து ஆவணி வரை, கல்முனையில் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில் இருந்த எங்கள் வீட்டின் உள்ளறையிலே நான் இருந்தேன். என் கணவர் மூன்று நாள் காய்ச்சலில் காலமாகியிருந்தார். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல், அந்நிய ஆண்களின் பார்வையில் படாமல் வீட்டில் தங்கியிருப்பதை நாங்கள் இத்தா என்போம். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அந்த அறைக்குள் இருந்தபடியே, இமயமலையில் ஒரு கணவாயைக் கடப்பதற்கான பயணத் திட்டத்தை நாள் நாளாக, மைல் மைலாக நான் எழுதி முடித்தேன். அதை நம்பி இரண்டு பேர் புறப்பட்டுப் போனார்கள்.

மலை என் ஆசையன்று, என் கணவருடையது. அவர் நீர்ப்பாசன வேலைகளுக்காக நிலம் அளப்பவர். எங்கள் பக்கத்து வயல் நிலம் ஒரு மைலுக்கு ஓரடி சரிந்தாலே பெரிது. அந்த ஓரடியைக் கண்டுபிடித்து, அதன் வழியே தண்ணீரை நடத்திக்கொண்டு போவதுதான் அவருடைய தொழில். வாய்க்காலின் கடைசி மூலையில் நின்று தண்ணீர் வருமா வருமா என்று பார்த்துக்கொண்டே இருந்ததாலோ என்னவோ, தண்ணீர் பனியாகப் பிறக்கும் இடத்தைத் தன் கண்ணால் ஒரு முறை பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பொத்துவில் கடலில் அலைச்சறுக்க வந்த ஒரு வெள்ளைக்காரர், அதற்கு முன்பு இந்தியாவின் வடக்கே நடந்து திரிந்தவர், அந்தப் பக்கத்து வரைபடம் ஒன்றை இவரிடம் விட்டுப்போயிருந்தார். இவர் அதை இரண்டு ஆண்டுகள் படித்தார். வேறு மனிதர்கள் நாவல் படிப்பது போலப் படித்தார்.

அவர் வயலிலும் வாய்க்கால் கரையிலும் குறித்துக்கொண்டு வரும் கொப்பிகளை மாலையில் நான்தான் நல்ல பிரதியாக எழுதிக் கொடுப்பேன். ஆறு ஆண்டு மணவாழ்வில் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த வேலை அதுவே. அதில் ஒரு முறை இருந்தது. மாலையில், நிலத்தில் அடித்த எந்த முளைக்கட்டையோடு அளவையை நிறுத்தினாரோ, மறுநாள் காலையில் அதே முளைக்கட்டையை மீண்டும் பார்த்துக் குறித்துவிட்டுத்தான் மேலே போவார். இடையில் மாடு முட்டி அது அசைந்திருக்கலாம் அல்லவா. அதனால் களக் கொப்பியில் ஒரே இடம் இரு வரிகளில் வரும். நல்ல பிரதியில் அதை ஒரு முறை எழுதினால் போதும். தொடக்கத்தில் ஒவ்வொன்றையும் அவரிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். பிறகு கேட்கவேண்டியிருக்கவில்லை. அவருடைய எழுத்தில் எது தேவை, எது தேவையில்லை என்பதை நான் அறிவேன் என்று அவரும் சொல்வார். அதில் எனக்குச் சிறிது பெருமையும் இருந்தது.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடித்து இரண்டு நாள்களின் பின்பு என் தம்பி அறைக்குள் வந்தான். கூடப் பிறந்தவன் வருவதற்குத் தடையில்லை. அவன் அப்போது ஒரு கந்தோரில் கோப்பு எழுதும் லிகிதராக இருந்தான். கையில் ஒரு கொப்பியும், சுருட்டிய வரைபடமும்.

“ராத்தா, மச்சான்ட கந்தோர் மேசைக்குள்ள கிடந்ததாம். குடுத்தனுப்பியிரிக்காங்க.”

நான் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவன் போகாமல் நின்றான்.

“நானும் மச்சானும் போறதெண்டுதானே இருந்திச்சி. பாஸ்போட்டும் எடுத்தாச்சி. மச்சான் இல்லாம நான் போனாக் கோவிப்பீங்களா?”

“தனியப் போக ஏலாது.”

“தனிய இல்ல. அவனும் வாறானாம்.”

அவன் என்றது கல்முனைக் கடைத்தெருவில் புடைவைக் கடை வைத்திருந்த குடும்பத்துப் பையனை. தம்பியின் பள்ளித் தோழர்.

“அவரா? கடையிலரிந்து பள்ளிவாசலுக்குப் போறதுக்கே சைக்கிள் தேடுறவராச்சே.”

தம்பி சிரித்தான். அந்த வீட்டில் நாற்பத்திரண்டு நாள்களாக யாரும் சிரித்திருக்கவில்லை. அந்தச் சிரிப்பைக் கேட்டபோதே, இந்தப் பயணம் நடக்கவேண்டும் என்று என் மனம் முடிவு செய்துவிட்டது.

அதன் பின்பு வந்த வாரங்களை நினைத்தால் இன்றும் எனக்கு அவை விழித்திருந்து கண்ட கனவு போலவே தோன்றும். நோன்பு மாதம் அந்த ஆண்டு ஆனி நடுவில் தொடங்கியது. கச்சான் காற்று வீசும் காலம். வெப்பமான அந்த மேல்காற்று பகல் முழுவதும் தென்னைகளை உலுக்கும். எழுபத்தெட்டில் வந்த சூறாவளி தலை முறித்துவிட்டுப் போன மரங்களும் அவற்றுக்கிடையே வெறும் தூண்களாக நிற்கும். கிணற்றில் நீர் இறங்கி, வாளி கல்லில் தட்டும் ஓசை கேட்கும். நாவு வறண்டு, நோன்பு திறக்கும் நேரத்தை எண்ணிக்கொண்டு, பாயில் விரித்த வரைபடத்தின் மீது நான் குனிந்திருப்பேன். அதன் பழுப்புக் கோடுகள், அலை வடிந்த பின் ஈரமணலில் எஞ்சும் வரிகள் போல நெருங்கியும் விலகியும் ஓடும். கோடுகள் எங்கே நெருங்குகின்றனவோ அங்கே செங்குத்து; எங்கே விலகுகின்றனவோ அங்கே கூடாரம் போட இடமுண்டு. இதையெல்லாம் எனக்குக் கற்பித்தவர் குளத்துப் படங்களை வைத்துக் கற்பித்தார். அவை ஓரடி ஓரடியாக உயரும் கோடுகள். இவையோ நூற்றுக்கணக்கான அடிகளாக உயர்ந்தன. நான் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு விரலை நகர்த்தும்போது ஒரு தென்னந்தோப்பின் உயரத்தைப் பலமுறை கடந்துவிட்டிருப்பேன். விரல் நுனி குளிர்ந்ததுபோல் இருக்கும். அந்த அறையின் நான்கு சுவர்களும் அகன்று அப்பால் போய், கண்ணுக்கு எட்டிய இடமெல்லாம் வெளிச்சமும் வெண்மையுமாகி, அங்கே யாரோ எனக்கு முன்னால் நடந்து போய்க்கொண்டிருப்பார். முதுகு மட்டும் தெரியும். நான் அவரைக் கூப்பிட்டதில்லை.

மாலை அஸர் தொழுகைக்குப் பின் தம்பியின் தோழர் வருவார். முன் மண்டபத்தில் அமர்ந்துகொள்வார். இடையில் திரை தொங்கும். நூலகத்திலிருந்து நான் கேட்ட நூல்களைத் திரைக்கு அடியால் தள்ளுவார். தம்பி இரு பக்கமும் போய்வருவான்.

“ராத்தா, கேக்கிறன் எண்டு கோவிக்காதீங்க,” என்று ஒரு நாள் திரைக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. “அங்க ஒசக்கப் போனாச் சோறு அவியாதாமே?”

“ஓம். தண்ணி கொதிக்கும். ஆனா அவிக்கிறதுக்குச் சூடு காணாது.”

“அப்ப எத்தின நாளைக்குச் சோறில்ல?”

“மூணு நாளைக்கு.”

“நோன்பே லேசு,” என்றார்.

“வயித்தப் பாத்துத் தீர்மானிக்கிறதெண்டா இப்பவே சொல்லுடா,” என்றான் தம்பி.

“வயித்தப் பாக்கல்ல மச்சான். கஷ்டம் ஒண்டு வரும் எண்டா அத முன்னுக்கே சொல்லித்தான் கூட்டிப் போகணும்.”

சோற்றுக்குப் பதிலாக அவலும் சீனியும், எண்ணெயில் வதக்கிய மாசிக் கருவாட்டுச் சம்பலும் என்று முடிவாயிற்று. பயிற்சிக்குச் சாகாமத்துக் குளக்கட்டு. நோன்பு இல்லாத நாள்களில் மண் நிரப்பிய உரப்பைகளை முதுகில் சுமந்து இருவரும் அந்தக் கட்டின் மேல் ஏறி இறங்கினார்கள். அதைக் கண்டு, அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் எந்த இடத்தில் கட்டு உடைந்தது என்று கேட்டு ஓடிவந்தாராம். மலைக்குப் போகப் பழகுகிறோம் என்று தம்பி விளக்கினானாம். அவர் மண்பைகளையும் இவர்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “மலையில மண் இல்லையா தம்பி?” என்று கேட்டாராம்.

இப்படித்தான் நாள்கள் போயின. என் பங்குக்கு நான் கொப்பியை நல்ல பிரதியாக்கினேன்.

கொப்பியின் நடுப்பக்கத்தில் பென்சிலால் அவர் ஒரு பட்டியல் எழுதியிருந்தார். பாதை தொடங்கும் கடைசி ஊரிலிருந்து கணவாயின் மறுபக்கத்து ஊர் வரை பதினொரு வரிகள், பதினொரு நாள்கள். ஒவ்வொரு வரியிலும் இடம், மைல், உயரம். தம்பிக்குக் கிடைத்த லீவிலிருந்து கப்பலுக்கும் ரயிலுக்கும் பேருந்துக்கும் வேண்டிய நாள்களைக் கழித்தால் மலையில் நடப்பதற்கு எஞ்சியவை ஒன்பதே. இரண்டு நாள் இடிக்கிறது. நான் பட்டியலை மீண்டும் மீண்டும் பார்த்தேன். அப்போதுதான் கண்டேன்: நான்காம் வரியிலும் ஐந்தாம் வரியிலும் ஒரே இடம், ஏழாம் வரியிலும் எட்டாம் வரியிலும் ஒரே இடம். இரண்டாவது முறை எழுதிய வரிகளில் மைல் என்ற பத்தி வெறுமையாக இருந்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கிவிட்டது என்றே எண்ணினேன். மாலையில் நிறுத்திய முளைக்கட்டையைக் காலையில் மீண்டும் குறிக்கும் அவருடைய பழக்கம். மலையைத் திட்டமிடும்போதும் கை அப்படியே போயிருக்கிறது. ஆறு ஆண்டுகளாக எத்தனை கொப்பிகளில் எத்தனை இரட்டை வரிகளை ஒன்றாக்கி எழுதியிருப்பேன். அன்றும் அவ்வாறே இரண்டு வரிகளை விட்டுவிட்டு எழுதினேன். பதினொன்று ஒன்பதாயிற்று. லீவுக்குள் அச்சாகப் பொருந்திற்று. அவரே பக்கத்தில் இருந்து எனக்கு வழிவிட்டதுபோல் இருந்தது. நான் அழுதேன், ஆனால் அந்தக் காலத்தில் நான் அழுத அழுகைகளில் இனிமையாக இருந்தது அது ஒன்றுதான்.

மூச்சுத் திணறல் பற்றி நூல்களில் இருந்ததைப் படித்திருந்தேன். அது உலகின் மிக உயர்ந்த சிகரங்களில் ஏறுவோருக்கு மட்டும் உரிய துன்பம் என்று எடுத்துக்கொண்டேன். இது கணவாய்தானே, ஆடு மேய்ப்பவர்கள் கடந்துபோகும் வழிதானே. மலை ஏறுவது காலின் வேலை, குளிரைத் தாங்குவது உடுப்பின் வேலை என்றே சமதரையில் வளர்ந்த எனக்குத் தோன்றியது. அந்த உயரத்தில் சோற்றுக்கு என்ன நேரும் என்று தெரிந்து வைத்திருந்த நான், மனிதனுக்கு என்ன நேரும் என்று கேட்டுப்பார்க்கவில்லை.

பெருநாள் முடிந்து ஐந்தாம் நாள் இருவரும் புறப்பட்டார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி, அக்கரையில் ரயிலைப் பிடித்து, பிறகு இரண்டு நாள் மலைப் பேருந்து. “எங்களுக்காக துஆச் செய்யுங்க ராத்தா,” என்று திரைக்கு வெளியே தோழரின் குரல் கேட்டது. தம்பி உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் சட்டைப் பைக்குள் என் கையெழுத்துப் பட்டியல் இருந்தது. அதன் இன்னொரு பிரதி என் தலைமாட்டுச் சுவரில் இருந்தது. ஒவ்வொரு நாளும் அதில் அவர்கள் இருக்கும் இடத்தை நான் பார்த்துக்கொள்வேன். இன்று கப்பல், இன்று ரயில், இன்று சமவெளி முடிந்து முதல் வளைவு என்று நானும் கூடவே போய்க்கொண்டிருந்தேன்.

அவர்கள் புறப்பட்ட பத்தாம் நாள். என் கணக்கின்படி அன்று காலை அவர்கள் கடைசி ஊரிலிருந்து நடக்கத் தொடங்கியிருக்கவேண்டும். வாப்பா சவளக்கடை வயலில் நெற்கதிர் சூடடிப்புக்குப் போயிருந்தார். உம்மாவும் நானும் மட்டும் வீட்டில். முற்பகல் பத்து மணி இருக்கும். வாசல் படலையில் சைக்கிள் மணி கேட்டது. எங்கள் பகுதிக்குத் தபால் கொண்டுவருபவர் கல்முனைத் தமிழர். என் கணவரோடு நல்ல பழக்கமுள்ளவர். குரலைத் தாழ்த்திப் பேசத் தெரியாதவர்.

“உம்மா, மருமகன்ட பேருக்கு அந்த ஊர்க் கடிதம் மறுகாவும் ஒண்டு வந்திரிக்கி. முந்தியும் ஒண்டு தந்தன்தானே. ஆள் இல்லையெண்டு ஒரு வரி எழுதிப் போட்டா என்ன? பாவம், அந்த மனிசன் மலையில இரிந்து பாத்துக்கொண்டிரிக்கும்.”

“மெதுவாக் கதைங்க தம்பி,” என்றார் உம்மா. “புள்ளைக்குக் கேக்கும்.”

கேட்டது. நான் கதவோரம் வந்து நின்றேன். “உம்மா, எந்த ஊர்க் கடிதம்?”

“அது ஒண்டுமில்ல மகள்.”

“உம்மா.”

உம்மா உள்ளே வந்தார். முகத்தை என்னிடம் காட்டாமல் பெட்டகத்தைத் திறந்தார். மடித்து வைத்திருந்த துணிகளுக்கு அடியில், என் கணவர் பெயருக்கு வந்த கடிதங்கள் ஒரு கட்டாக இருந்தன. “இத்தா முடியட்டும் எண்டு வெச்சம்,” என்றார். “அவர்ட பேரக் கண்டா நீ உடைஞ்சிருவாய் எண்டு வாப்பா சொன்னார். நானும் ஓம் எண்டுட்டன்.”

அவற்றில் ஒன்று, அவரை அடக்கிய இரண்டாம் வாரத்தில் வந்தது. நான் பிரித்தேன். ஆங்கிலத்தில், ஓர் எழுத்துக்கூடச் சாயாமல் எழுதியிருந்தது. அனுப்பியவர் பாதை தொடங்கும் அந்தக் கடைசி ஊரின் தபாலதிபர். அந்த ஊரில் யாரையும் தெரியாததால், பெயர் தெரியாமலே எழுதக்கூடிய ஒரே மனிதருக்கு என் கணவர் எழுதியிருக்கிறார். தன் பட்டியலையும் அனுப்பிச் சரிதானா என்று கேட்டிருக்கிறார். அவர் பதில் எழுதியிருந்தார்: பட்டியல் சரி. அதிலும், காற்று குறைந்த உயரத்துக்கு உடல் பழக, இரண்டு இடங்களில் நடக்காமல் ஒரு நாள் முழுவதும் தங்கியிருக்க நீங்கள் ஒதுக்கியிருப்பதைக் கண்டு மிகவும் மகிழ்ந்தேன். கீழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் இதை ஏற்பதேயில்லை. கால் ஏறிவிட்டால் இரத்தமும் ஏறிவிட்டதென்று எண்ணுகிறார்கள். அப்படிப் போன சிலரைத் துணியில் சுற்றி என் வாசல் வழியாகக் கொண்டு வந்தார்கள். லீவு போதாது என்று உங்களுடன் வருகிறவர்கள் சொன்னால், கணவாயை விட்டுவிடுங்கள். அந்த இரண்டு நாள்களை விடாதீர்கள்.

புதிதாக வந்த இரண்டாவது கடிதத்தில், தன் முதல் கடிதம் கிடைத்ததா என்று மட்டும் கேட்டிருந்தார்.

படலையில் தபால்காரர் இன்னும் நிற்கிறார் என்பதை அவருடைய இருமல் எனக்கு அறிவித்தது. பட்டியலைப் பார்த்தேன். நான்காம் நாள் சேரும் இடத்தில் அவர்கள் ஒரு நாள் தங்கவேண்டும். என் திட்டப்படி தங்காமல் ஐந்தாம் நாள் மேலே போவார்கள். ஆறாம் நாள் இன்னும் மேலே. தந்தி போய்ச் சேர ஒன்றிரண்டு நாளாகும். அங்கிருந்து அவர்களைப் பிடிக்க ஓர் ஆள் போகவேண்டும். காலம் இருந்தது, மிச்சமாக இருக்கவில்லை.

ஒரு தாளை எடுத்தேன். முதலில் எழுதியது கடிதமாக நீண்டது. கிழித்தேன். இரண்டாவது தாளில், பட்டியலில் ஏதோ தவறு நேர்ந்துவிட்டது என்று எழுதினேன். ஏதோ, நேர்ந்துவிட்டது. அதைப் படித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. அதையும் கிழித்தேன். மூன்றாவதில், உங்கள் ஊரிலிருந்து புறப்பட்ட இலங்கையர் இருவரைத் தயவுசெய்து நிறுத்துங்கள், தங்கவேண்டிய இரண்டு நாள்களையும் நான் நீக்கினேன், பிழை என்னுடையது, உங்களுக்கு எழுதியவர் காலமானார் என்று எழுதி, அவர் மனைவி என்று முடித்தேன். காலமானார் என்ற சொல்லை என் கையால் எழுதியது அதுவே முதல் முறை. அதுவரை பிறர் சொல்லக் கேட்டிருந்தேனே தவிர, நான் சொன்னதில்லை.

உம்மா தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஊர்ப் பெயரைத் தபால்காரர் தப்பாக வாசிப்பதைக் கேட்டு, கதவுக்குப் பின்னால் நின்று எழுத்து எழுத்தாக நானே சொன்னேன். தம்பியின் தோழரைத் தவிர வெளியாள் ஒருவரோடு நான் பேசி மாதங்கள் ஆகியிருந்தன.

“விளங்கிச்சு தங்கச்சி,” என்றார் அவர். “நான் நிண்டு பாத்து அனுப்பிப்போட்டு வாறன். மத்தத் தபால் எல்லாம் பொறகு குடுக்கலாம். அதுக்குள்ள ஆரும் செத்தா போயிருவாங்க—” என்று தொடங்கியவர் நாக்கைக் கடித்துக்கொண்டதுபோல் நிறுத்திவிட்டார். சைக்கிளைத் திருப்பி மிதிக்கும் ஓசை, ஒழுங்கை முனைவரை அவசரமாகப் போயிற்று.

அதன் பின்பு எட்டு நாள்கள். வாப்பா வயலிலிருந்து வந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு என் அறை வாசலில் தரையில் உட்கார்ந்தார்.

“கடிதத்த ஒளிச்சது நான்,” என்றார். “பிழை என்ட தலையில.”

“கொப்பிய மாத்தி எழுதினது நான் வாப்பா.”

“ரெண்டு பேரும் பிழையப் பங்கு போடாம எழும்பி ஓதுங்க,” என்றார் உம்மா.

ஓதினோம். கண்ணை மூடினால் பழைய வெண்மை வரும். ஆனால் இப்போது அதில் இரண்டு பேர் நடந்துகொண்டிருந்தார்கள், என் கையெழுத்தைப் பின்பற்றிக்கொண்டு. நில்லுங்கள் என்று கூப்பிடுவேன், அவர்கள் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஐந்தாம் நாள் கடந்தது. ஆறாம் நாள் கடந்தது. கச்சான் ஓய்ந்து, காற்றே இல்லாத ஒரு பகலில், தபால்காரர் படலைக்கு வெளியே இருந்தே சத்தமாகச் சொன்னார்: “நல்ல செய்திதான் உம்மா. நல்ல செய்தி. முதல்ல அதச் சொல்லுறன், பொறகு பிரிங்க.”

இருவரும் என் வீட்டில். ஒருவருக்குச் சுகமில்லை, தேறி வருகிறார். தேநீர் குடிக்கிறார்கள். உங்கள் கணவருக்காக மனம் வருந்துகிறேன். தந்தியில் இவ்வளவே இருந்தது. முகம் தெரியாத அந்த மனிதர், சுருக்கமாகச் சொல்லவேண்டிய ஒரு தாளில் என் துக்கத்துக்கும் ஓர் இடம் வைத்திருந்தார்.

அவர்கள் திரும்பி வந்தபோது என் இத்தா முடிந்திருந்தது. தலையை முக்காட்டால் மூடிக்கொண்டு, மாதக்கணக்கில் முதல் முறையாகத் திரையில்லாமல் தம்பியின் தோழரைக் கண்டேன். பாதியாக மெலிந்திருந்தார். ஐந்தாம் நாள் மேலே ஏறிய பிறகு அவருக்குத் தலைவலியில் தலை பிளந்திருக்கிறது. உண்டதெல்லாம் வெளியே வந்திருக்கிறது. மாசிச் சம்பல் பழுதாகிவிட்டது என்று நினைத்தார்களாம். ஆறாம் நாள் காலை, சப்பாத்தின் நாடாவைக் கட்டத் தெரியவில்லையாம். “ரெண்டு நுனியையும் கையில வெச்சிக்கொண்டு, இத மறுகா என்ன செய்யிற எண்டு யோசிச்சிக்கொண்டிரிந்தன் ராத்தா. எனக்கு அது ஒரு கவலையாவும் தெரியல்ல. நல்ல சந்தோசமா இரிந்தன்.”

தம்பிக்கும் தலையிடி இருந்திருக்கிறது; சொல்லவில்லை. தோழரைக் கூடாரத்தில் விட்டுவிட்டு, தான் மட்டும் மேலே போய்ப் பட்டியலை முடித்துவிட்டு வருவதென்று பையைக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் கீழேயிருந்து ஒரு குதிரைக்காரர் வந்தார். அவருக்கும் இவர்களுக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. தபாலதிபர் கொடுத்தனுப்பிய தந்தியை நீட்டினார்.

“வாசிச்சதும் நம்பினாயா?” என்று கேட்டேன்.

“முதல்ல நம்பல்ல. வேற ஆரோ அனுப்பியிரிக்காங்க எண்டு நெனச்சன். பிழை என்னுடையது எண்டு இரிந்திச்சி. நீங்க பிழை விட்டதாச் சொல்லி நான் பொறந்ததுலரிந்து கேட்டதில்ல. அப்பதான் பயம் வந்திச்சி. இவன உடனே குதிரையில ஏத்திட்டன்.”

தோழர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

தபாலதிபரின் வீட்டில் தோழர் எழுந்து நடமாட நான்கு நாள்கள் ஆயின. அதற்குள் லீவும் முடியும் நிலை. கடைசி நாள் அந்த மனிதர் தம்பியை ஒரு மேட்டுக்கு அழைத்துப்போய்த் தொலைவில் கணவாயைக் காட்டினாராம். “கண்டன் ராத்தா, அவ்வளவுதான்,” என்று மட்டும் தம்பி சொன்னான். அவன் குரலில் வருத்தம் இருந்தது. அதை அவன் மறைக்கவுமில்லை. மறு ஆண்டு போர் தொடங்கி எங்கள் நாட்டின் நிலைமை வேறாகிவிட்டது. அவனுக்கு மீண்டும் அங்கே போக வாய்க்கவேயில்லை. அந்தத் தபாலதிபரோடு சில காலம் கடிதத் தொடர்பு இருந்தது. அவரை நான் ஒரு முறையும் பார்த்ததில்லை.

பலரிடம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் கடிதத்தை ஒளித்த பெற்றோரைக் குறை சொல்வார்கள். அல்லது மலையின் காற்றைக் குறை சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. அறியாமையால் நான் அந்த இரண்டு வரிகளை விட்டிருந்தால் என் மனம் இவ்வளவு உறுத்தியிராது. அவருடைய எழுத்தை எனக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும் என்பதாலேயே விட்டேன். அவர் தன் வாழ்நாளில் முதன்முறையாகப் புதிதாக ஒன்றை எழுதியிருந்தார். பழைய பழக்கமே அங்கேயும் இருக்கும் என்று முடிவுகட்டிக்கொண்டு, அதை நான் படிக்காமலே போனேன். ஒருவரை முற்றும் அறிந்துகொண்டுவிட்டேன் என்று மனம் நிறைந்திருக்கும் வேளைகளிலேதான், அந்த ஆவணிக்குப் பிறகு, நான் அதிகமாகத் தயங்கி, இதை நீங்கள் எதற்காக எழுதினீர்கள் என்று கேட்கிறேன். கேட்பதற்கு அவர்கள் இருக்கும்போதே.